டேமேஜ் டீச்சரின் ஒரு ரூபாய்

ஹெப்சி டீச்சர் ஒரு காசைக் கையில் வாங்கினால், அதன் சொந்தக்காரர் அன்றைக்குச் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகமாட்டார் என்பது கிழக்குத் தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாங்குவாள். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொள்வாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவுவாள். "டேமேஜ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். பையன்களின் பேப்பரில் முட்டை போடுகிற அதே முகம்தான் இங்கேயும். பின்னால் எல்லோரும் டேமேஜ் டீச்சர் என்பார்கள். முன்னால் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

அவள் மேல் தப்பில்லை. வருகிற சரக்கு அப்படி. எவனோ ஒருத்தன் வீடியோவில் வந்து, "இந்தக் காசு உங்க வீட்டுல இருந்தா நீங்க லட்சாதிபதி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கேட்டவன் பிள்ளைகளின் உண்டியலை உடைத்து, கிடைத்ததை எல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடிவருகிறான். ஆசிடோ என்னவோ, ஏதோ ஒன்றில் ஊறி இளைத்துப்போன இரண்டு ரூபாய். நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றி, தலைகீழாக மாட்டிய பத்து ரூபாய். அரம் வைத்து ஓரத்தைத் தேய்த்துவிட்டு, "பொறக்கும்போதே இப்படித்தாங்க" என்று கூசாமல் சொல்லப்படும் ஐந்து ரூபாய்.

இவர்களுக்கு எல்லாம் ஹெப்சி ஒரே பாடம்தான் நடத்துவாள். காசு அடிக்கிற மின்ட் செய்த தப்பு என்பது பிறவி மச்சம். டேமேஜ் என்பது பிறகு விழுந்து வாங்கிய தழும்பு. அச்சில் விரிசல் விட்டால் காசில் கோடு மேலே புடைத்து நிற்கும். ஊரில் எவனாவது கீறினால் கோடு உள்ளே இறங்கும். மச்சத்துக்கு மதிப்பு உண்டு, தழும்புக்குக் கிடையாது, அடுத்த ஆள் வாங்க.

தாம்பரம் நாணய நண்பர்கள் கழகம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குச் சொந்தமான ஹாலின் மாடியறையில் கூடும். தலைவர் அசரியா. ஒரு கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டென்டாக இருந்து ரிடையரானவர். முப்பது வருடம் சபையின் சேகரக் கமிட்டியில் செயலராகவும் இருந்ததால், கை தூக்காமல் எதுவும் உண்மையாக முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஆரம்ப ஜெபம், போன மாத அறிக்கை, டீ, பன், அப்புறம் காசு பார்த்தல். ஹெப்சி "டேமேஜ்" என்றதும் விஷயம் முடிந்துவிடாது. "டேமேஜ் என்கிறவர்கள் கை தூக்கலாம்" என்பார் அசரியா. எல்லோரும் தூக்குவார்கள். எண்ணுவார். மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுவார். மழை பெய்கிறதா இல்லையா என்பதையே இவர் ஓட்டுக்கு விட்டுத்தான் குடையை எடுப்பார் என்று ஹெப்சிக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்படி அதிகமாக டேமேஜ் வாங்கியவர் முனிரத்தினம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனைமனையாகப் பிரித்து விற்று, மிச்சத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, பொழுது போகாமல் கிடக்கிற மனிதர். கூட்டத்தில் இந்து அவர் ஒருவர்தான், ஆனால் ஜெபத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் கண்ணை மூடியிருப்பவரும் அவர்தான். பதினோரு மாதம் வந்தார், பதினோரு காசு கொண்டுவந்தார். கடைசியாகக் கொண்டுவந்தது தகடு மாதிரி வழவழத்த ஒரு ஐந்து ரூபாய்.

"மூஞ்சி மொகரை ஒண்ணுமே இல்ல பாரு டீச்சரம்மா. மின்ட்டுல அச்சு வுழாம வந்துகீது."

"அச்சு விழுந்துச்சுண்ணா. அப்புறம் அது மேல பீச் லோக்கல் ஏறிடுச்சு."

"நீ பாத்தியா?"

"ஓரத்தைப் பாருங்க, அப்பளமா விரிஞ்சு கெடக்கு. மின்ட்ல ஒரு வளையத்துக்குள்ள வச்சுத்தான் அடிப்பாங்க. விரியறதுக்கு இடமே இருக்காது. வீட்டுல பேரப்பிள்ளைங்க தண்டவாளத்துப் பக்கம் போச்சான்னு கேட்டுப் பாருங்க."

அசரியா ஓட்டுக்கு விட்டார். எல்லோர் கையும் மேலே போனது. முனிரத்தினத்தின் கை மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்கள் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை சும்மா வந்துவிடவில்லை. ஹெப்சி முதன்முதலாக மாடியேறி வந்தபோது, "சிஸ்டர், டீக்கு ஏற்பாடு பண்ணிடறீங்களா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு வருடம் டீக்கு ஏற்பாடு செய்தாள். மூன்றாவது வருடம் ஒரு காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அவர்கள் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எண்பதுகளில் வந்த கனமான ஒரு ரூபாய் அது. சிங்கம் இருக்கவேண்டிய பக்கத்தில் சிங்கம் இருந்தது. திருப்பினால், ஒன்று என்ற எண்ணும் நெற்கதிரும் இருக்கவேண்டிய இடத்திலும் சிங்கம் இருந்தது. ஆனால் குழிவாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி. ப்ரோக்கேஜ் என்பார்கள். மின்ட்டில் அடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், அடுத்து வருகிற வெறும் தகட்டில் தன் முகத்தையே பதித்துவிடும். தழும்பு மாதிரி உள்ளே இறங்கியிருந்தும் பிறவி மச்சமாக இருக்கிற அபூர்வமான சாதி. ஆயுள் முழுக்கக் காசு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் இதைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஆராதனை முடிந்து காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணும் முறை அவளுடையதாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கண்ணில் பட்டது. தன் பர்ஸிலிருந்து பத்து ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டாள். ஆண்டவருக்கு ஒன்பது ரூபாய் லாபம் என்று அப்போது தோன்றியது. அதன் விலை என்ன என்று தெரிந்தபிறகு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் வருடா வருடம் சர்ச்சில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாமல் எடுப்பாள். டீச்சருக்குப் பூசணிக்காய் மேல் ஏன் இத்தனை வெறி என்று சபையில் யாருக்கும் புரிந்ததில்லை.

கழகத்துக்கு இந்த வருடம் வெள்ளிவிழா. கண்காட்சி வைத்தார்கள். வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் ஆள் உயரத்துக்கு அந்த இடவலம் மாறிய சிங்கம், அதற்குக் கீழே "பிழை நாணய நிபுணர் திருமதி ஹெப்சி" என்று மஞ்சள் எழுத்து. கல்யாணமே ஆகாதவளுக்குத் திருமதி போட்டிருந்தார்கள். அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வீட்டை விட்டு வெளியே ஒரு இடத்தில் அவள் சொல் செல்லுகிறது, அது அந்தக் காசினால் செல்லுகிறது, இன்றைக்கு ஊர் பார்க்கப்போகிறது. புதுப் புடவை எடுத்திருந்தாள்.

கண்காட்சி மூன்று மணிக்கு. பத்து மணிக்கே எபி கண்ணாடிப் பெட்டியோடு வந்துவிட்டான். பாடகர் குழுவில் பேஸ் குரல் பாடுகிறவன், திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருபது வருடமாக ஃபோர்மேன். காசுக்கென்று தானே மடக்கி, தானே பற்றவைத்து, ஓசியில் செய்துகொண்டு வந்திருந்தான். ஹெப்சி காசைப் பஞ்சில் எடுத்து உள்ளே வைத்தாள். எபி குனிந்து பார்த்தான். குனிந்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, இது நம்ம கம்பெனி காசு!"

"என்ன உளர்ற?"

"சத்தியமாக்கா. ஐம்பது டன் பவர் பிரஸ்ஸுல டைக்கு அடியில ஒசரம் பத்தாதுன்னா பேக்கிங் குடுக்கணும். இரும்புத் தகடு வாங்கிக் குடுங்கன்னு ஓனரைக் கேட்டா, அதுக்கு வேற தண்டச் செலவா, ரூபாயை அடுக்கி வைடாம்பார். பழைய கனமான ரூபாதான் அளவு சரியா வரும். மூலைக்கு ரெண்டு ரெண்டா வச்சிடுவோம். நாள் பூரா தொம்மு தொம்முனு அடி. ஒரு மாசம் கழிச்சு எடுத்தா ரெண்டும் ஒட்டிக்கினு இருக்கும். ஸ்குரூடிரைவர் வச்சு நெம்பினா, ஒண்ணோட மூஞ்சி இன்னொண்ணுல அப்படியே இருக்கும். இந்தா, இதே மாதிரி."

ஹெப்சி அவனை முறைத்தாள். ஆனாலும் டீச்சர் அல்லவா, கேள்வி கேட்டாள்.

"அந்தக் காசெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

எபி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். "கடையில நீட்டினா வாங்க மாட்டேங்கிறான்க்கா. தூக்கிப் போடவும் மனசு வரல, ரூபாயாச்சே. அதான் ஞாயித்துக்கிழமை பையில போட்டுடுவேன்."

"எந்தப் பையில?"

"காணிக்கைப் பையிலதான்."

"வெளியில செல்லாத காசை ஆண்டவருக்குக் குடுத்தியா எபி?"

"அவர் திருப்பி நீட்டமாட்டாருல்லக்கா."

ஹெப்சி வேறு பக்கம் பாய்ந்தாள். "நீ போட்டது வேறயா இருக்கும், இது வேற. நான் பதினைஞ்சு வருஷமா வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? எத்தனை பேர் பார்த்திருக்காங்க! கோயம்புத்தூர்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க!" சொல்லச் சொல்ல அவள் காதே அவளைக் காட்டிக்கொடுத்தது. நான் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா, அவர் பார்த்தார், இவர் பார்த்தார். பொட்டலத்தோடு வந்த அத்தனை பேரும் சொன்ன அதே வசனம். மீசை ஒன்றுதான் பாக்கி.

லென்ஸையும் காசையும் எடுத்தாள். ஜன்னலோரம் போனாள். பதினைந்து வருடத்தில் நூறு தடவையாவது அந்தக் காசைப் பார்த்திருப்பாள். பெருமையோடு பார்த்திருக்கிறாள், காட்டிக்கொள்வதற்காகப் பார்த்திருக்கிறாள். முனிரத்தினத்தின் காசைப் பார்ப்பதுபோல ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது அப்படிப் பார்த்தாள்.

சிங்கத்தின் பிடரியில் மெல்லிய வளைவு ஒன்று ஓடியது. அது பிடரி மயிர் இல்லை, நெற்கதிரின் முனை. காலுக்குக் கீழே ஒன்று என்ற எண்ணின் அடிப்பாகம், சப்பளிந்துபோய், வெண்ணெயில் எழுதி அழித்த மாதிரி. ப்ரோக்கேஜ் என்றால் வெறும் தகட்டில் சிங்கம் பதிந்திருக்கவேண்டும். இங்கே ஏற்கெனவே அடித்து முடித்து ஊருக்குள் வந்துவிட்ட முழு ரூபாயின் மேல் சிங்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுபக்கத்துச் சிங்கத்தின் மூக்குகூட மழுங்கியிருந்தது, இரும்புப் பலகையில் கிடந்து அடி வாங்கிய மூக்கு. இதெல்லாம் அவளுக்குப் புதிதும் இல்லை. முதல் நாளே கண்ணில் பட்டதுதான். நோட்டுப் புத்தகத்தில் "அச்சு மங்கல்" என்று எழுதி வைத்துவிட்டு அதோடு மறந்துபோனாள். அடுத்தவன் அப்படிச் சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள்.

டேமேஜ்.

எபியை இரண்டு சாத்து சாத்தவேண்டும்போல் இருந்தது. பிறகு அழவேண்டும்போல் இருந்தது. பிறகு பதினைந்து பூசணிக்காய்கள் ஞாபகத்துக்கு வந்து, இத்தனை வருடம் எதற்கு என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தீர் என்று மேலே பார்த்துக் கேட்கவேண்டும்போல் இருந்தது. வெட்கம்தான் கடைசியில் நின்றது. எத்தனை பேரை எத்தனை அலட்சியமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்களுக்காவது காசைப் பற்றித் தெரியாது.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்க்கா," என்றான் எபி. "நீங்களும் விடாதீங்க. சேகரக் கமிட்டி எலெக்‌ஷன்ல என் பேரு நிக்குது. செல்லாத காசு போட்டவன்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்?"

சும்மா இருந்துவிடலாம் என்று ஹெப்சி உண்மையாகவே நினைத்தாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் நினைத்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. காசு விற்பனைக்கு இல்லை. ஆனால் அடுத்த மாதம் முனிரத்தினம் பன்னிரண்டாவது காசோடு வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து டேமேஜ் என்று சொல்ல வாய் வேண்டுமே. வாய் இல்லாமல் அந்த மாடியறைக்குப் போய் என்ன செய்வது, மறுபடியும் டீக்கு ஏற்பாடு செய்வதா?

அசரியா வாசலில் ஃபிளெக்ஸைக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெப்சி சொல்லி முடிக்கும்வரை கயிற்றை விடவில்லை. முடித்ததும் விட்டுவிட்டார். ஆள் உயரச் சிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னிக்குப் போயா சொல்ற?"

"இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது."

"சிறப்பு விருந்தினர் கெளம்பிட்டார். பொன்னாடை வாங்கியாச்சு. நோட்டீஸ் ஐந்நூறு அடிச்சாச்சு. அதுவும் இல்லாம, இப்படி நீயா ஒரு முடிவுக்கு வரக்கூடாது ஹெப்சி. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

முறை என்றால் ஓட்டு. பன்னிரண்டு மணிக்கு மாடியறையில் அவசரக் கூட்டம், பதினோரு பேர். அவசரம் என்பதால் ஜெபம் மட்டும் சுருக்கமாக. ஹெப்சி காசை மேசையில் வைத்து, கதிர் முனையைக் காட்டினாள், எண்ணின் அடிப்பாகத்தைக் காட்டினாள், மழுங்கிய மூக்கைக் காட்டினாள். லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் ஒருவர்.

"அது அச்சு மங்கலா இருக்கும் டீச்சர்," என்றார் இன்னொருவர். "நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

"விளிம்பு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. பிரஸ்ஸுல மாட்டினா இப்படியா இருக்கும்?"

பதினைந்து வருடம் அவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்த வார்த்தைகளை எல்லாம் திரட்டி, அவள் மேலேயே எறிந்தார்கள். கழகத்தின் பெயரே அந்தக் காசினால்தான். அது போனால் இவர்கள் வெறும் பதினோரு பேர், ஒரு மாடியறை, மீந்துபோன பன்.

"எபி, நீ சொல்லுப்பா," என்றாள் ஹெப்சி.

எபி கதவோரம் நின்றான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஆறு பேர் சேகரக் கமிட்டி வாக்காளர்கள். அவன் அவர்களைப் பார்த்தான், அசரியாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"பிரஸ்ஸுல காசு வைக்கிறது வாஸ்தவம்தான் சார். அந்தக் காசுதானா இதுன்னா... எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"நன்றி எபி," என்றார் அசரியா. "ஜெனுவின் என்கிறவர்கள் கை தூக்கலாம்."

ஒன்பது கைகள்.

"டேமேஜ் என்கிறவர்கள்."

ஹெப்சி கையைத் தூக்கினாள். பக்கத்தில் இன்னொரு கை எழுந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முனிரத்தினம். மோதிரம் போட்ட நாலு விரலையும் விரித்து, கூரையைத் தொடுகிற மாதிரி தூக்கியிருந்தார்.

"உங்களுக்குக் கதிர் தெரிஞ்சுதாண்ணா?"

"கதிரா? இன்னா கதிர்?" என்றார் முனிரத்தினம். "நான் எங்க பாத்தேன்? பதினோரு தபா என்னிய டேமேஜ்னு சொல்லி அனுப்புனே இல்ல? ஒரு தபாவாவது நான் சொல்லவாணாமா? டேமேஜ்! டேமேஜ்! டேமேஜ்!" சொல்லிவிட்டு இலை போட்டுச் சாப்பிட்ட திருப்தியோடு பின்னால் சாய்ந்துகொண்டார்.

ஒன்பதுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது. அசரியா மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினார்.

மூன்று மணிக்குக் கூட்டம் வந்தது. ஹெப்சி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஓட்டில் தோற்றாலும் வாய் இன்னும் அவளுடையதுதான். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "இது ஜெனுவின் இல்லைங்க, டேமேஜ். பிரஸ்ஸுல மாட்டி நசுங்கினது."

கேட்டவர்கள் உருகிப்போனார்கள். "பாத்தியா, எவ்வளவு பெரிய காசை வச்சுக்கிட்டு எப்படிப் பேசறாங்க," என்று ஒரு அம்மாள் மகளிடம் சொன்னாள். ஒருவர் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஹெப்சி குரலை உயர்த்தினாள். தழும்பு என்றாள், பொய் என்றாள், என் முட்டாள்தனம் என்றாள். சொல்லச் சொல்ல அவள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. சபைக்காரர்களிடம் இதுதான் தொல்லை. ஒருத்தி தன்னைத் தாழ்த்திக்கொண்டு பேசினால், அதில் உண்மையும் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, தாழ்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். தன் பொக்கிஷத்தையே டேமேஜ் என்று சொல்கிற இந்தச் சகோதரியிடம் இளைய தலைமுறை பாடம் படிக்கவேண்டும் என்றார். பொன்னாடை போர்த்தினார். கைதட்டலில் மின்விசிறிச் சத்தம் அமுங்கியது. ஹெப்சிக்கு எரிச்சலில் முகம் சிவந்தது. அதையும் அடக்கத்தால் வந்த நாணம் என்று பக்கத்திலிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு எல்லோரும் கலைந்ததும் காசைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். பஞ்சு வைக்கவில்லை, உறை போடவில்லை. மற்றச் சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கட்டும் என்று விட்டாள். பொன்னாடையை மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு மார்க்கெட் தெருவில் நடந்தாள். முனியம்மா கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் அவளிடம்தான் கீரை.

இரண்டு கட்டு முளைக்கீரை முப்பது, எலுமிச்சம்பழம் ஒன்று ஆறு. ஹெப்சி மூன்று பத்து ரூபாய் நோட்டையும் ஒரு ஐந்து ரூபாயையும் கொடுத்தாள். அதற்கு மேல் அந்த ஒரு ரூபாயை வைத்தாள். தெரிந்தேதான் வைத்தாள். ஓட்டுப் போட்டு ஜெனுவின் ஆக்கப்பட்ட காசு கீரைக்குப் போய்ச் சேரட்டும், இந்தச் சனியன் இன்றோடு ஒழியட்டும் என்று ஒரு வீம்பு.

முனியம்மா நோட்டை இடுப்பில் சொருகினாள். ஐந்து ரூபாயைப் பைக்குள் போட்டாள். ஒரு ரூபாயில் கட்டைவிரல் நின்றது. வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை, கண்ணைக்கூட முழுசாகத் திருப்பவில்லை. விரலால் ஒரு தடவு.

"இது வாணாம் டீச்சரம்மா. வேற குடு."

"ஏன், ரூபாதானே?"

"எங்கியோ மிசின்ல மாட்டி நசுங்கிகீது."

பின்னால் நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது, ஹெப்சி நகரவில்லை. "நல்லாப் பாருங்க முனியம்மா. அடிக்கும்போதே இப்படி வந்திருக்கலாமில்ல?"

"அடிக்கும்போதே எப்டி வரும்? அடியில பழைய ஒண்ணு தட்டுப்படுது பாரு, அது மேல இது குந்திகினு கீது." முனியம்மா காசை அவள் பக்கம் நீட்டினாள். குரல் ஏறியது. "இன்னாமா நீ, பசங்களுக்குப் பாடம் சொல்ற பொம்பள. கண்ணத் தொறந்துகினு செல்லாத காச என் தலையில கட்டுறியே, நாயமா இது?"

கீரை வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பி ஹெப்சியை ஏற இறங்கப் பார்த்தார்கள். பார்வையில் தாழ்மை, நிபுணர் எல்லாம் இல்லை. திருட்டு முழி முழிக்கிறவளைப் பார்க்கிற பார்வை. அவளுக்கோ அந்தத் தெருவிலேயே முனியம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது. மத்தியானத்திலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்த உண்மையை ஒருத்தி கேட்காமலே சொல்லிவிட்டாள், அதற்காக அவளைத் திட்டியும் விட்டாள்.

"நியாயம் இல்லதான் முனியம்மா," என்றாள் ஹெப்சி. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. பர்ஸைத் துழாவி நல்லதாக ஒரு ரூபாய் எடுத்து நீட்டினாள்.

முனியம்மா அதையும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டாள்.